பக்கத்து ஊர் விமானம்

மனிதர்களை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம் என்று விழுப்புரம் ஜங்ஷனைப் பார்த்து வளர்ந்தவர்கள் சொல்வார்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்கிறவர்கள் ஒரு ரகம். ரயில் நகர்ந்த பிறகு ஓடி வந்து தொத்திக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். ஆகாய விமானம் வந்த பிறகு இந்த இரண்டாவது ரகத்துக்கு உலகத்தில் இடமில்லாமல் போய்விட்டது. விமானத்தை ஓடிப் பிடிக்க முடியாது. காத்துக் கிடந்துதான் ஏற வேண்டும்.

காத்துக் கிடப்பதிலும் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குத் தனி விசேஷம் உண்டு. காலை ஏழு மணிக்கு மீனம்பாக்கத்தில் விமானம் என்றால், விழுப்புரத்துக்காரர் இரவு ஒரு மணிக்கு எழுந்து முகம் கழுவ வேண்டும். இரண்டு மணிக்கு வாடகைக் கார். விக்கிரவாண்டியில் ஒரு சுங்கச்சாவடி, ஆத்தூரில் ஒன்று, பரனூரில் ஒன்று. மூன்று இடத்திலும் தட்சிணை வைத்துவிட்டு, பெருங்களத்தூர் நெரிசலில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, நூற்றைம்பது கிலோமீட்டரைத் தாண்டி அவர் போய்ச் சேரும்போது விடிந்துவிடும். திண்டிவனத்துக்காரருக்கு நாற்பது கிலோமீட்டர் மிச்சம். தூக்கத்தில் முக்கால் மணி நேரம் லாபம். பிறகு விமானம் கிளம்பி ஒரு மணி நேரத்தில் பெங்களூரில் இறக்கிவிடும். ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு ஆறு மணி நேர முஸ்தீபு. கல்யாணத்தைவிடப் பெண் பார்க்கும் படலம் நீண்டுபோன கதை இது.

இத்தனைக்கும் விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய அதே தூரத்தில், ஒரு விமான நிலையம் இருக்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிற அந்த நிலையத்தைத்தான் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னராயிருந்த லா என்பவரின் பெயரைத் தாங்கிய பேட்டை அது. நிலையம் புதுவை மண்ணில் இருந்தாலும், அதன் வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் விழுப்புரம் ஜில்லா வந்துவிடும். புதுவைக்கும் தமிழ்நாட்டுக்கும் இருக்கிற எல்லையை யாரும் நேர்கோடாகப் போட்டு வைக்கவில்லை. ஒரு வயல் அவர்களுடையது, அடுத்த வயல் நம்முடையது. நடுவில் ஒரு சாராயக்கடையைப் பார்த்துத்தான் எந்த ராஜ்யத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே அதைப் புதுவை விமான நிலையம் என்று அழைத்தாலும், நியாயமாகப் பார்த்தால் அது எங்கள் பக்கத்து வீட்டுக் கிணறு. தண்ணீர் இருக்கும்போது நாங்களும் இறைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் எப்போது இருக்கும் என்பதுதான் கேள்வி.

இந்த நிலையத்தின் சரித்திரத்தை ஒருவர் நாடகமாக எழுதினால், மேடைக் குறிப்பில் "வருகிறார்", "போகிறார்" என்ற இரண்டு வார்த்தைகளே போதும். 1980களின் கடைசியில் வாயுதூத் வந்தது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடுவதற்கென்றே 1981இல் சர்க்கார் ஆரம்பித்த கம்பெனி அது. வந்த வேகத்திலேயே போயிற்று. 1993இல் அந்தக் கம்பெனியே இந்தியன் ஏர்லைன்ஸில் கலந்துவிட்டது. அப்புறம் நெடுங்காலம் மௌனம். ஓடுபாதையை 1500 மீட்டருக்கு நீட்டி, புதுக் கட்டிடமும் கட்டி, 2013 ஜனவரியில் திறந்தார்கள். ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்குப் பறந்தது. ஓராண்டு முடிந்ததும் 2014 பிப்ரவரியில் நின்றது. 2015 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவும் நின்றது. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தின் கீழ் ஹைதராபாத்துக்கு ஸ்பைஸ்ஜெட் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு பெங்களூரும் சேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021இல் மறுபடி தொடங்கி, 2024 மார்ச்சோடு மறுபடி நின்றது. 2024 டிசம்பர் 20 அன்று இண்டிகோ வந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது.

ஒவ்வொரு தடவை விமானம் வந்தபோதும் மந்திரிகள் கொடியசைத்தார்கள்; முதல் விமானத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். நின்றபோது மட்டும் யாரும் வழியனுப்ப வரவில்லை. பத்திரிகையில் மூலையில் நாலு வரி, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? கம்பெனிக்காரர்கள் மனமில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பஸ் முதலாளியைக் கேட்டுப் பாருங்கள், காரணத்தைச் சொல்லுவார். லாஸ்பேட்டையில் இறங்கக்கூடியது ஏடிஆர் போன்ற விசிறி வைத்த விமானம். அதில் 78 ஆசனம். பெரிய ஏர்பஸ்ஸில் 180 பேர் உட்காரலாம். அதற்கு இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுபாதை வேண்டும், இங்கே இருப்பதோ ஒன்றரை. ஏடிஆர் முழுப் பாரத்தோடு எழும்புவதற்கு ஏறத்தாழ 1300 மீட்டர் ஓட வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு மிதமான சீதோஷ்ணத்தில் போட்டது. சித்திரை மாதத்துக் கத்திரி வெயிலில் காற்று சூடேறி லேசாகிவிடும். இறக்கைக்குத் தாங்குபலம் குறையும், இயந்திரத்துக்கும் மூச்சு வாங்கும். அதிக தூரம் ஓடினால்தான் எழும்ப முடியும். பாதை நீளாது, ஆகவே பாரத்தைக் குறைக்க வேண்டியதுதான். பாரம் என்றால் மனிதன், இல்லாவிட்டால் அவனுடைய பெட்டி. உள்ளே இருக்கிற 78 ஆசனத்தில் சிலதைக் காலியாக விட்டுப் பறக்க நேர்ந்தால் லாபம் என்கிற மெல்லிய கயிறு அங்கேயே அறுந்துவிடும்.

விமானிக்குச் சம்பளம், எண்ணெய், இறங்குகிற கூலி இவையெல்லாம் ஆசனம் காலியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டுக் குறைவதில்லை. அதற்காகத்தான் சர்க்கார் உடான் என்ற திட்டத்தை 2016இல் கொண்டுவந்தது. அதன் சாரம் எளிமையானது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி ஆசனங்களை 2,500 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதனால் வருகிற நஷ்டத்தைச் சர்க்கார் மூன்று வருஷம் ஈடுகட்டும். பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கிற விமானங்களில் ஒரு வரி வசூலித்து அந்தப் பணத்தைத் திரட்டுவார்கள்; மாநிலங்களும் ஒரு பங்கு போடும். டெல்லி பம்பாய்க்காரர் தம்மை அறியாமலே புதுவைப் பிரயாணிக்கு உபகாரம் செய்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் நடந்தது என்ன? 2023 ஆகஸ்டில் தணிக்கைத் தலைவர் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். முதல் மூன்று சுற்றுகளில் 774 வழித்தடங்களை ஒதுக்கினார்கள். அதில் 403 வழித்தடங்களில் ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. பறக்கத் தொடங்கிய 371இல், மூன்று வருஷத் தவணை முழுதும் பறந்தவை 112. தவணை முடிந்து மானியம் நின்ற பிறகு 2023 மார்ச்சு வரை தாக்குப் பிடித்தவை 54. எழுநூற்று எழுபத்து நாலில் ஐம்பத்து நாலு! பதினாலு குழந்தை பெற்று ஒன்றை வளர்த்தெடுத்த கதை.

ஆகவே லாஸ்பேட்டைக்கு மட்டும் சாபம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் நெய்வேலியில் சுரங்கக்காரர்களின் ஓடுபாதை இருக்கிறது. சென்னைக்கு விமானம் என்று முதல் சுற்றிலேயே ஒதுக்கியும் பிரயாணிகளுக்கு அந்த நாள் வரவில்லை. சேலத்து ஓமலூரில் 1993இல் நிலையம் திறந்தது. இடையில் வந்தவர்கள் போனார்கள். 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்து, 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் வேறு இரண்டு கம்பெனிகள் வந்து மறுபடி விளக்கேற்றின. கொங்கு நாட்டு வியாபாரிகளுக்கே இந்தப் பாடு என்றால் மல்லாட்டையும் கரும்பும் விளைகிற எங்களுக்கு என்ன கேடு?

இதெல்லாம் கணக்கு வழக்கு. பக்கத்தில் ஒரு விமானம் வந்து நிற்பதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு ஒரு சாவு வீட்டில்தான் விளங்கியது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் பெரியப்பா விடியற்காலையில் காலமானார். எண்பத்தேழு வயது, கல்யாணச் சாவு. அவருக்கு ஒரே மகன், ஹைதராபாத்தில் உத்தியோகம். சொல்லி அனுப்பினோம். எங்கள் பக்கத்தில் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பார்கள்; அதுவும் பெரியம்மா, "ராத்திரி வீட்டுல வெச்சிருக்கக் கூடாதுப்பா, அவருக்கே பிடிக்காது" என்று சொல்லிவிட்டாள். ஊர்ப் பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறை ஓய்ந்து ஓய்ந்து ஒலித்தது. பையன் சென்னைக்கு வந்து, அங்கிருந்து கார் பிடித்து, செங்கல்பட்டைத் தாண்டி வருவதற்குள் என்ன ஆகும் என்று ஆளுக்கு ஒரு ஜோசியம் சொன்னார்கள்.

அவன் சென்னைக்கு வரவில்லை. பிற்பகல் விமானத்தில் லாஸ்பேட்டைக்கு வந்து இறங்கினான். கிளியனூர் வழியாக ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது தென்னை மரத்து உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பெரியம்மா அவன் தலையைத் தடவி, "வந்துட்டியா தம்பி" என்றாள். ஊர் எழுந்து நின்றது.

அன்றைக்கு அந்த விமானத்தில் எத்தனை ஆசனம் காலியாக இருந்ததோ, நான் கேட்கவில்லை. ஆனால் நஷ்டக் கணக்கு எழுதுகிற ஏடு எதிலும் அந்தக் குடத்துக்கு ஒரு பத்தி கிடையாது என்று தோன்றியது. அதற்கு முந்தைய கோடையில் அவர் இறந்திருந்தால், கொள்ளிச்சட்டியை யாராவது ஒரு பங்காளிதான் தூக்கியிருப்பான்.

ஆகையால் விமானம் வேண்டும் என்கிற கட்சிதான் நானும். அதைச் சொல்லிவிட்டே அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் அந்த விஷயத்தில் என் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை.

விமானம் நிலைக்காததற்கு ஓடுபாதை குட்டையாயிருப்பதே காரணம், அதை நீட்டிவிட்டால் பெரிய விமானம் வரும், டெல்லிக்கும் பம்பாய்க்கும் போகலாம் என்று பலர் சொல்கிறார்கள். புதுவை சர்க்காருக்கும் அது நெடுநாளைய ஆசை. ஆனால் நீட்டுவதற்குப் புதுவையில் மண் இல்லை. வேண்டிய நிலம் எங்கள் ஜில்லாவில், வானூர்ப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டு சர்க்கார் எடுத்துக் கொடுக்க வேண்டும். கடிதங்கள் போகின்றன, வருகின்றன.

அந்தச் செம்மண் பூமியில் ஒரு நாள் நடந்துவிட்டு வந்தேன். சவுக்குத் தோப்பு, முந்திரி, மானாவாரி மல்லாட்டை. கொடி பிடுங்குகிற காலம். வரப்பில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், எனக்கு ஒரு கை பச்சைக் காயைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். தலைக்கு மேலே விமானம் தாழ்ந்து போயிற்று. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதால உங்களுக்குத் தொந்தரவு இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"மேல பறக்குறத நாங்க என்னா வேணாம்னா சொல்றோம்? பறக்கட்டும் சார். எறங்கறதுக்குத்தான் எங்க காணிய கேக்கப்போறாங்களாம். அதச் சொல்லுங்க" என்றாள்.

"பணம் கொடுப்பார்களே?"

"குடுப்பாங்க. பணத்துல மல்லாட்டை மொளைக்குமா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காஞ்சீபுரம் ஜில்லாவில் பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்த நாளிலிருந்து ஏகனாபுரத்து ஜனங்களும் இதையேதான் கேட்டு வந்தார்கள். அங்கேயாவது பட்டணத்து நெரிசல் என்று ஒரு வலுவான காரணம் உண்டு. மீனம்பாக்கம் நிரம்பி வழிகிறது, கண்ணால் பார்க்கலாம். லாஸ்பேட்டையில் நிரம்பி வழிந்தது என்ன?

நிலம் ஒரு விசித்திரமான வஸ்து. எடுப்பது சுலபம், திருப்பித் தருவது ஏறக்குறைய நடக்காத காரியம். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுதளம் ஒன்று இருக்கிறது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகப் பிரியும் வரை அதுவும் எங்கள் ஜில்லாச் சொத்துதான். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரர் போனார், விமானம் போயிற்று. ஓடுதளம் மட்டும் போகவில்லை. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் பலாலி என்ற ஊர். அங்கேயும் அதே யுத்தத்தில் போட்ட விமானத்தளம்தான். பின்னால் நடந்த உள்நாட்டுப் போரில் சுற்று வட்டாரத்து நிலமெல்லாம் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. 1990இல் வெளியேறிய குடும்பங்கள், போர் 2009இல் முடிந்த பிறகும், துண்டு துண்டாகத்தான் தங்கள் மண்ணைத் திரும்பப் பெற்றார்கள். 2019 அக்டோபரில் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் போயிற்று. அந்த விமானம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும், நிலம் இன்னும் வேலிக்குள்ளேயே இருக்கிறதே என்று ஏங்கியவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். இரண்டு ஆசையும் நியாயமானவை.

பலாலிக்குப் போனதும் ஏடிஆர் விமானம்தான் என்பதைக் கவனியுங்கள். சின்ன விமானத்துக்கு எட்டக்கூடிய ஊர்களை நாம் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. புதுவையிலிருந்து சென்னைக்கு விமானம் விடுவது வீண். மூன்று மணி நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸே கொண்டுபோய் விட்டுவிடும். பெங்களூர் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே; அது விமானத்துக்கு ஏற்ற தூரத்தின் ஆரம்பம். ஹைதராபாத் அதைவிட நல்ல தூரம். கொச்சி, கோயமுத்தூர், யாழ்ப்பாணம் எல்லாம் இந்த விசிறி விமானத்துக்கே எட்டும். போகிறவர்கள் யார் என்றால், ஜிப்மருக்கு வருகிற நோயாளிகள், 1968இல் தொடங்கிய ஆரோவில்லுக்கு வருகிற பிற தேசத்தார், வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த டைடல் பூங்காவில் வேலை செய்கிறவர்கள், திண்டிவனத்துச் சிப்காட்டுக்கு வந்து போகிறவர்கள், அப்புறம் பெங்களூரில் பிள்ளையையும் ஹைதராபாத்தில் பெண்ணையும் வைத்துக்கொண்டிருக்கிற ஆயிரக்கணக்கான விழுப்புரத்து அப்பா அம்மாக்கள்.

இவர்கள் ஏன் லாஸ்பேட்டைக்குப் போகாமல் மீனம்பாக்கத்துக்குப் போகிறார்கள்? எனக்குத் தெரிந்த காரணம் நம்பிக்கை இல்லாமைதான். பழக்கம் என்பது மெல்ல வளர்கிற செடி. ஒரு பஸ் தினம் ஒரே நேரத்துக்கு வந்தால், ஊர் தன் வேலையை அந்த நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். பால்காரர் அதில் போவார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போகும், கடைக்காரர் சரக்கு ஏற்றுவார். இதற்கு வருஷங்கள் பிடிக்கும். ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, கூட்டம் போதவில்லை என்று நிறுத்தினால், செடியைப் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்த மாதிரி. அடுத்த தடவை நட்டால் ஊர் தண்ணீர் ஊற்றாது. "அது எப்ப நிக்குமோ சார், டிக்கெட்டை மெட்ராஸ்லயே போட்டுடுங்க" என்று என் பிரயாண ஏஜெண்டு சொல்கிறாரே, அது விரோதத்தில் சொல்வதில்லை, அனுபவத்தில் சொல்வது.

விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு 1879இல் ரயில்பாதை போட்டார்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர்ச் சின்னப் பாதை. முதல் நாளே கூட்டம் பிதுங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தும் அது ஓடியது. வெள்ளையர் ஆண்ட விழுப்புரமும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையும் சுதந்திரம் பெற்ற பின்னும் ஓடியது. ஐந்து திசைக்கும் பாதை பிரிகிற ஜங்ஷன் என்று எங்கள் ஊர் பேர் வாங்கியதற்கு அந்தப் பிடிவாதந்தான் காரணம். கூட்டம் இருக்கிறதே என்று பாதை வந்ததைவிட, பாதை இருக்கிறதே என்று கூட்டம் வந்ததுதான் அதிகம்.

ஆகவே என் யோசனை சாதாரணமானது. இருக்கிற ஒன்றரைக் கிலோமீட்டரில், இருக்கிற 78 ஆசனத்தை, ஐந்து வருஷம் இடைவிடாமல் பறக்க வையுங்கள். நஷ்டத்தில் புதுவை சர்க்கார் ஒரு பங்கு ஏற்கட்டும். பிரயாணிகளில் பாதிப் பேர் எங்கள் ஜனங்களாயிருந்தால் தமிழ்நாட்டு சர்க்காரும் ஒரு பங்கு ஏற்பதில் தப்பில்லை. விமான நேரத்தை அனுசரித்து விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஒரு பஸ், திண்டிவனம் பஸ் நிலையத்திலிருந்து ஒரு பஸ் விடுங்கள். விமானம் தாமதமானால் பஸ்ஸும் காத்திருக்கட்டும். ஒரு நாள் ஆசனம் கிடைக்காமல் ஜனங்கள் சண்டை போடுவார்கள். அன்றைக்கு இரண்டாவது விமானம் விடுங்கள். அதுவும் நிரம்பட்டும். அதற்குப் பிறகும் பாதை நீள வேண்டும் என்றால், வரப்பில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் போய், நியாயமான விலையோடும் மாற்று நிலத்தோடும், கை கூப்பிக் கேட்கலாம். கேட்பதற்கு அப்போது நமக்கு ஒரு முகம் இருக்கும்.

அதற்கு முன்னால் கேட்கப் போனால், அவள் ஒரு கை மல்லாட்டையைக் கொடுத்து உட்காரச் சொல்லி, "வர்ற வருஷமும் விமானம் வருமா சார்?" என்றுதான் கேட்பாள். பதிலை வைத்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.